சப்பாணி வருஷம்

உமி கழுத்தில் ஒட்டி அதன்மேல் வியர்வை இறங்கினால் ஓர் அரிப்பு எடுக்கும். சொறிந்தால் அடங்காது, கழுவினாலும் உடனே போகாது, சோறு தின்னும்போதும் பாடம் படிக்கும்போதும் கவுனின் கழுத்துப்பட்டிக்குள் இருந்துகொண்டு உயிரை வாங்கும். ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில், சாலையைவிட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில், அந்த அரிப்பில்லாமல் ஒரு பிள்ளை வீடு திரும்பினால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ரைஸ்மில்லின் பின்பக்கம் புழுங்கல் நெல் காயவைக்கிற சிமென்ட் களமும், அதன் ஓரத்தில் எங்கள் தலைக்குமேல் உயர்ந்து நின்ற உமி மேடும், அச்சு முறிந்து கிடந்த ஒரு மாட்டு வண்டியும்தான் எங்கள் விளையாட்டுத் திடல். சாயங்காலம் நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டார்கள் என்றால் அப்புறம் களம் எங்களுடையது.

அங்கே நாங்கள் ஆடியது பெரும்பாலும் "ஐஸ்பாய்". ஒருவர் மில் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருபதுவரை எண்ணுவார், மற்றவர்கள் ஒளிவார்கள். எண்ணியவர் தேடி வந்து, கண்ணில் பட்டவர் பெயரைச் சொல்லி "ஐஸ்" அடிக்க வேண்டும். முதலில் அகப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் எண்ண வேண்டும். இதில் ஒரு சிக்கல், அக்கா அண்ணன்களின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் வாண்டுகள். விரட்டினால் வீட்டில் போய்க் கோள் சொல்லும், சேர்த்தால் ஆட்டத்தைக் கெடுக்கும். அதற்காகவே "ஒப்புக்குச் சப்பாணி" என்று ஒரு பதவி இருந்தது. சப்பாணி எல்லோரோடும் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். ஆனால் அதை யார் "ஐஸ்" அடித்தாலும் செல்லாது, அது ஒருநாளும் எண்ண வேண்டியதில்லை. முக்கியமாக, தான் சப்பாணி என்பது சப்பாணிக்குத் தெரியக்கூடாது. அந்த வார்த்தைக்கு என்ன பொருள், அது யாரைச் சுடும் என்றெல்லாம் அன்றைக்கு எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

நானும் வெகுகாலம் சப்பாணியாகத்தான் இருந்தேன், எல்லாச் சப்பாணிகளையும்போல நானே ஆட்டத்தின் ராணி என்று நினைத்துக்கொண்டு. அவர்கள் ஓடினால் நானும் ஓடுவேன். நான் கண்ணை மூடினால் உலகமே இருண்டுவிடுகிறதே, பிறகு என்னை மட்டும் யார் பார்க்க முடியும் என்ற தைரியத்தில், களத்தின் நட்டநடுவில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் அண்ணன் குமார் அப்போது நாலாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு எஸ்தரோடு சேர்ந்து அவன்தான் களத்தை ஆண்டுகொண்டிருந்தான். ஒளிந்தால் பேயே தேடினாலும் அகப்படமாட்டான். மாதா கோயில் தெருவில் இருந்த எஸ்தருக்கு அவன் ஒருவன்மேல்தான் பயம். ஒரு சாயங்காலம் என்னை முதலில் கண்டுபிடித்தார்கள். வழக்கம்போலக் கத்தாமல், நானாக எழுந்து போய்ச் சுவரில் முகத்தை வைத்து எண்ண ஆரம்பித்தேனாம். "இவ இனிமே சப்பாணி இல்ல. இவள ஐஸ் அடிச்சா செல்லும்" என்று அண்ணன் அறிவித்தான். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை, ஏனென்றால் அடுத்த மழைக்குள் அவன் படுத்துவிட்டான்.

ஐப்பசியில் நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நின்ற நேரம், எங்கும் கொசு. தலைவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்தவன், மறுநாள் அப்பாவை யாரோ என்பதுபோலப் பார்த்தான், அதற்கு மறுநாள் கைகால் வெட்டி இழுத்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, அம்மா ஈரச் சேலையோடு பின்னால் ஓட, படப்பை வழியாகத் தாம்பரம் போய் அங்கிருந்து பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். நான் எஸ்தர் வீட்டில் சாப்பிட்டு, எஸ்தர் வீட்டில் தூங்கி, எஸ்தரின் அம்மா முட்டிபோட்டுச் செய்த ஜெபத்துக்கெல்லாம் "ஆமென்" சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

தொண்ணூற்றொன்று பிறந்து, பொங்கல் எங்கள் வீட்டில் பொங்காமலேயே கழிந்த பிறகு அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நடந்தே வந்தான், கொஞ்சம் இளைத்திருந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். ஊரே திரண்டு வந்து பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னது. எங்கள் வீட்டிலோ அது தலைக்குள்ளேயே தங்கிவிட்டது என்று இரண்டு நாளில் எனக்கே தெரிந்துபோயிற்று. அம்மாவுக்கு அது ஆஸ்பத்திரியிலேயே தெரியும். "திரும்பி வர்றதெல்லாம் ஒரு வருஷத்துக்குள்ள வந்துடும்மா, அதுக்குமேல வராதத வராதுன்னே வெச்சுக்குங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அந்த ஒரு வருஷத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தாள்.

அண்ணன் பேச்சை மறக்கவில்லை, முகங்களை மறக்கவில்லை. போனது வேறு என்னவோ. நிலா தன் பின்னாலேயே வருகிறது என்று நின்று நின்று அதோடு சண்டை போட்டான். புளியங்கொட்டையை ஆளுக்குச் சமமாகப் பிரித்து வைத்தால், தன்னுடையதை நெருக்கியும் என்னுடையதை இடம்விட்டும் வைத்திருந்தால் போதும், எனக்கு அதிகம் என்று கத்துவான். ஒருநாள் கொல்லையில் குளிப்பதற்குப் பயந்து ஒளிந்தான்: முற்றத்தின் நடுவில் நின்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊரில் வேறு யாருக்கும் அது பைத்தியமாகத் தெரிந்திருக்கலாம், எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் சமீபத்தில்தான் காலி செய்துவிட்டு வந்த வீட்டில் என் அண்ணன் குடிவந்திருந்தான். அதன் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். அங்கே எவ்வளவு நிம்மதி என்பதும் தெரியும். ஏழு வயதுக்காரிக்கு அண்ணன் தன்னைவிடச் சின்னவன் ஆகிப்போவது எப்படியிருக்கும் என்று கேட்டால், பயமாக இருந்தது என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை.

அம்மா சும்மா இருக்கவில்லை. ஏரிக்கரையிலும் வரப்பிலும் முளைத்த வல்லாரையை ஒன்று விடாமல் பறித்து வந்து துவையல், கூட்டு, பச்சை இலை என்று விதவிதமாக அவனுக்கு ஊட்டினாள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்கே அந்தக் கசப்பு வாடை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், எஸ்தரின் அம்மா கூப்பிட்டதும் மாதா கோயிலுக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "எந்தச் சாமி கையில கீதோ யாருக்குத் தெரியும்" என்பது அவள் கட்சி. வைகாசியில் ஒருநாள், ஓட்டுக் கேட்டு வந்த பெரிய தலைவர் ஒருவர் குண்டுவெடித்துச் செத்ததில், எங்கள் தாலுக்காவின் பெயரை உலகமே சொன்னது. சாலையெங்கும் போலீஸ், பஸ் இல்லை, கடை இல்லை, ஊரே கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் கொல்லையில் குமார் வாய் கொப்பளித்த தண்ணீரைத் துப்புகிறானா, இல்லை குழந்தைபோல விழுங்கிவிடுகிறானா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்னையும் அழைத்துப் போவாள். ஒருமுறை டாக்டர் ஒரே மாதிரியான இரண்டு கிளாஸில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக் காட்டி, ஒன்றை எடுத்து ஒல்லியான உயர்ந்த பாட்டிலில் கவிழ்த்து, இப்போது எதில் அதிகம் என்று கேட்டார். அண்ணன் யோசிக்காமல் பாட்டிலைக் காட்டினான். டாக்டர் சீட்டில் எதையோ குறித்துக்கொண்டார், அவர் முகத்தை அம்மா படித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதே பாடம்தான்: டம்ளரிலிருந்து சொம்புக்கு, சொம்பிலிருந்து தாம்பாளத்துக்கு, மோரும் தண்ணீரும் கொட்டிக் கவிழ்த்து, "எதுல ஜாஸ்தி? ரெண்டும் ஒண்ணுதான்டா கண்ணு. சொல்லு, ரெண்டும் ஒண்ணு" என்று அடுப்பு வேலை நடுவிலும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் சொல்லத் தொடங்கினான். நாங்கள் எப்படிக் கேட்டாலும் சரியாகச் சொன்னான். அம்மா அந்த மாதம் தலையில் பூ வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

டாக்டர் தண்ணீரை ஊற்றிக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணு" என்றான் அண்ணன், கணீரென்று. அம்மா என் கையை வலிக்கும்படி இறுக்கினாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, ஒரு பிஸ்கட்டை ஒரு பக்கமும் மீதிப் பாக்கெட்டை மறுபக்கமும் வைத்து, எதில் அதிகம் என்றார். "ரெண்டும் ஒண்ணு" என்றான் அதே குரலில், அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி. "சொல்லிக்குடுத்துட்டீங்களாம்மா?" என்று டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார், திட்டக்கூட இல்லை. பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அண்ணன் அந்தப் பாக்கெட் முழுவதையும் மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத் தின்றுகொண்டு வந்தான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் தலைமையாசிரியர், வேண்டுமானால் ஒன்றாம் வகுப்பில் உட்கார வையுங்கள் என்றார். அம்மா ஒப்பவில்லை, தை மாதம் கொண்டுவருகிறேன், அவன் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவனைக் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தாள். அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்த அப்பாவுக்கு அந்த வருஷம் வயலும் கைவிட்டது, பையனும் கைவிட்டான். அவர் சீக்கிரமே தளர்ந்துபோய்ச் சாராயம் குடிக்கத் தொடங்கினார். "உசுரு கெடச்சுதுல்ல, வுடு. மாடு மேச்சாவது பொழச்சிக்குவான்" என்றார் ஒருநாள். "மாட்டக்கூட எண்ணித்தான்யா வூட்டுக்கு ஓட்டிகினு வரணும்" என்றாள் அம்மா. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சண்டைகள்கூட முழுசாக நடக்காது.

அண்ணன் களத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தான். யாரும் எதுவும் பேசி முடிவெடுக்காமலே அவன் சப்பாணியாகியிருந்தான். முதலில் அவனை "ஐஸ்" அடித்த பையன் எஸ்தரைப் பார்த்தான், எஸ்தர் தலையை லேசாக ஆட்டினாள், அவ்வளவுதான், அதுமுதல் செல்லாது. அவனும் எல்லாச் சப்பாணிகளையும்போலக் குதூகலமாக ஓடினான். பிள்ளைகள் அவனிடம் அன்பாகத்தான் இருந்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் இந்தச் செய்தி எப்படியோ அம்மா காதுக்குப் போய்விட்டது. மறுநாள் இடுப்பில் சொருகிய சேலையோடு களத்துக்கே வந்துவிட்டாள். மற்ற அம்மாக்கள் வந்தால், "எம்புள்ள சின்னது, அத ஆட்டத்துல அழ வெக்காதீங்க" என்றுதான் கேட்பார்கள். என் அம்மா எஸ்தரின் மோவாயைப் பிடித்துக்கொண்டு கேட்டது வேறு.

"எஸ்தரு, அவன சப்பாணின்னு வுட்றாதீங்கடி. ஐஸ் அடிங்க. மொதல்ல மாட்டுனா அவனயே எண்ண வுடுங்க."

"அவனுக்கு எண்ணவே வரலியே சித்தி. ஆட்டமே நின்னுபூடும்."

"நின்னா நிக்கட்டும்டி. பெரிய மனசு பண்ணி அவனத் தோக்க வுடுங்க."

எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்றாள். அன்றே அவன் முதலில் அகப்பட்டான், அகப்படாமல் என்ன, முகத்தை மட்டும் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் வெளியே விட்டிருந்தான். சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எண்ணினான், பன்னிரண்டுக்குமேல் வரவில்லை, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினான், மறுபடி பன்னிரண்டில் நின்றான், மறுபடி ஒன்று. ஒளிந்திருந்த பிள்ளைகள் காத்திருந்து பார்த்தார்கள். கொசு கடித்தது, இருட்டத் தொடங்கியது, வீட்டில் கூப்பிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் நழுவிப் போனார்கள். கடைசியாக எஸ்தரும் போனாள். உமி மேட்டுக்குப் பின்னால் நான் மட்டும் இருந்தேன். ஆளில்லாத களத்தில் சுவரோடு சுவராக நின்று, ஒளிந்திருக்கிறவர்களுக்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்த அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா வந்தாள். அவனைக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பூனைபோல நடந்து போய் உமி மேட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். அங்கிருந்து, "எண்ணினது போதும்டா, வா, தேடு" என்று எஸ்தரின் குரலில் கத்தினாள். அண்ணன் திரும்பினான், ஒருவரையும் காணாமல் மிரண்டான், அழப் பார்த்தான், பிறகு தேட ஆரம்பித்தான். உமி மேட்டைச் சுற்றி வந்தவன் அம்மாவைக் கண்டதும் போட்ட கூச்சலில் மில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள், "புள்ளைக்குத்தான் அப்பிடின்னா, தாயிக்கும் இன்னாடி ஆச்சு?" என்று பேசிக்கொண்டது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. அம்மா தலைமுடியில் இருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இப்ப நீ ஒளி, நான் எண்றேன்" என்றாள்.

அதற்குப் பிறகு, பிள்ளைகள் ஆடி முடித்துப் போனதும், தினமும் நாங்கள் மூன்று பேரும் ஆடினோம். ஆடி மாதம் போயிற்று, ஆவணி வந்தது. நாற்றங்கால் வேலைக்குப் போய் முதுகு விட்டுப்போய் வந்த நாளிலும் அம்மா ஒளிந்தாள், தேடினாள், தோற்றாள். ஒன்றும் மாறவில்லை. அண்ணன் ஒளிவது அதே மாதிரிதான், முகம் மறைந்தால் போதும். அம்மா ஒருநாள் பொறுமையிழந்து, "கால் தெரியுதுடா பாவி, கால் தெரியுது" என்று அடித்தேவிட்டாள். அடித்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த விளையாட்டே வெறுத்துப்போயிருந்தது. இன்னும் தைக்கு எத்தனை மாதம் என்று அம்மா வாய்க்குள் முணுமுணுப்பது என் தூக்கத்திலும் கேட்டது.

பிறகு அது நடந்தது. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு சாதாரண வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ நடந்தது. அம்மா சுவரில் முகம் வைத்து, வழக்கம்போல விரல் இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். நான் சாக்குக் கட்டுக்குள் இருந்தேன். அண்ணன் முறிந்த வண்டியின் சக்கரத்துக்குப் பின்னால் குந்தினான், வலது கால் எப்போதும்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையைத் தூக்கி அம்மா நிற்கும் சுவரைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தான். மறுபடியும் சுவரை, மறுபடியும் காலை. மெதுவாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அப்போதும் பெருவிரல் கொஞ்சம் தெரிவதுபோலிருந்திருக்க வேண்டும். ஒரு கை உமியை அள்ளி அதன்மேல் போட்டு மூடினான்.

அம்மா நின்ற இடத்திலிருந்து அவன் தன்னைப் பார்த்துக்கொண்டான். அதற்குமேல் இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, குழந்தையின் அறிவு வளரும் கட்டங்களைச் சுவரில் ஒரு படிக்கட்டாக வரைந்து மாட்டியிருந்தார்கள். எந்த வயதில் எந்தப் படி என்று அழகாக எழுதியிருந்தார்கள், எல்லா அம்புக்குறியும் மேல்நோக்கியே போயின. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் குழந்தை எப்படிப் போகிறது என்று கேள்வி கேட்டார்கள், நானும் புத்தகத்தில் இருந்ததை எழுதித் தேறினேன். எழுதும்போது எனக்குக் கோபமாக வந்தது. படி என்று ஒன்று காலுக்குக் கீழே ஏற்கெனவே இருப்பதுபோல அல்லவா எழுதியிருக்கிறார்கள்! நான் பார்த்தபோது அங்கே படி எதுவும் இல்லை. ஒரு தாய் மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் இருந்தது.

அம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டாள். சுவரில் சாய்ந்தபடியே சறுக்கிக் களத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "குமாரு எங்க கீறான், தெரிலயே, எங்க பூட்டான்" என்று களம் முழுக்கத் தேடினாள். வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தும் அவனை அவள் கண்டுபிடிக்கவில்லை.

அதன்பிறகு போனவை ஒவ்வொன்றாக மளமளவென்று திரும்பி வந்தன. எண்கள் இருபதைத் தாண்டின. புளியங்கொட்டையை எப்படி வைத்தாலும் எண்ணிப் பார்த்து, சமம்தான் என்றான். நிலாவோடு சண்டை நின்றது. புரட்டாசியில் ஒருநாள் பிள்ளைகளின் ஆட்டத்தில் அவனை முதலில் "ஐஸ்" அடித்தார்கள். அவனே போய்ச் சுவரில் நின்று ஒரே மூச்சில் எண்ணி முடித்தான். "செல்லும்!" என்று எஸ்தர் கத்திய சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. அம்மா அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள், மாதா கோயிலுக்கு எண்ணெய் கொடுத்தாள். அப்பா சாராயம் குடிக்காமல் வீட்டுக்கு வந்து அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். அந்த வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த சந்தோஷம் என்று சொன்னால் அது அந்த ஒரு வாரம்தான்.

அடுத்த வாரம் அவன் களத்துக்கு வர மறுத்தான். வயிற்றுவலி என்றான், கால் வலி என்றான். நான் பிடித்து இழுத்தபோது, "எல்லாம் வேணும்னே என்ன வுட்றாங்க ஜெயா. அவங்களுக்குள்ள பாத்துக்கினு வுட்றாங்க" என்றான். உண்மைதான். பிள்ளைகள் அவனுக்காகக் கொஞ்சம் மெதுவாக ஓடினார்கள், கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அவனுக்கு அது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தன்னைப் பிறர் கண்ணால் பார்க்கக் கற்றவனுக்கு, பிறர் கண்ணில் இருப்பதெல்லாம் தெரியத்தானே செய்யும். அதை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவைத்து மற்றதை மட்டும் கொடுக்க எந்த அம்மனாலும் முடியாது.

அன்று சாயங்காலம் அம்மா வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். "எம்மா, நான் முன்ன நல்லா கீந்தேனா?" என்று கேட்டான்.

அம்மாவின் கை நிற்கவில்லை. "இப்பவும் நல்லாத்தான்டா கீற" என்றாள். அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு எழுந்து போய்க் நெல் குதிருக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கிட்டப் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான், சத்தமில்லாமல், முகத்தை எங்களுக்குக் காட்டாமல். அதுவரை அவன் அழுதால் ஊருக்கே கேட்கும். அம்மா முறத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆய்ந்த இலையையும் ஆயாத இலையையும் சேர்த்து அள்ளிக் கொல்லையில் எறிந்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் வல்லாரை சமைத்ததே இல்லை.

தை வந்தது. அதுவரை ஏறிய இடத்திலேயே அவன் நின்றுவிட்டான். எழுத்துக்கூட்டிப் படிப்பான், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவான், பொய் எது மெய் எது என்று தெரியும், யார் மனம் நோகிறது என்பது நம்மைவிடச் சீக்கிரம் தெரியும். "ஒருவேளை" என்று தொடங்கும் பேச்சு மட்டும் அவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒருவேளை மழை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "மழ இல்லியே" என்பான். தான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தோம் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் அவனை ஏற விட்டுவிட்டு அந்த வருஷம் முடிந்துபோனது. பள்ளிக்கூடத்துக்கு அவனை அம்மா மறுபடி அழைத்துப் போகவில்லை.

ரைஸ்மில் இருந்த இடத்தில் இப்போது கார் உதிரிபாகங்கள் அடுக்குகிற ஒரு பெரிய கிடங்கு. உமி மேடு இருந்த பக்கம் கன்டெய்னர் லாரிகள் பின்னால் போகும்போது அடிக்கும் "பீப் பீப்" சத்தம்தான் நாள் முழுக்க. எஸ்தர் கல்யாணமாகி ஆவடிப் பக்கம் போய்விட்டாள். நான் வேலை பார்க்கும் படப்பைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் "ஒப்புக்குச் சப்பாணி" என்றால் என்னவென்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்டம் தெரியாத குழந்தைக்கு இப்போது போனைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். போனது போகட்டும், அந்த வார்த்தைக்காக நான் அழப்போவதில்லை. அண்ணன் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறான். ஷிப்ட் பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கி வருகிறான். பஸ்ஸில் யாராவது கேலி பேசினால் எங்களிடம் சொல்லமாட்டான், அன்றைக்குச் சாப்பாடு மட்டும் பாதியில் நின்றுவிடும்.

அப்பா போன பிறகு அம்மாவும் அவனும் என்னோடுதான் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது, பாதிச் சோற்றோடு அவன் எழுந்து போன ஒரு நாள், அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஜெயா, அவன அங்கியே வுட்டிருக்கணுமோ? சிரிச்சிகினு கெடந்தானே. நான்தான் இஸ்துகினு வந்துட்டனோ?" என்றாள். நான் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி பற்றி இருபது வருஷமாகப் படித்தும் கேட்டும் வந்தவள். தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிட்டேன்.

போன மாசியில் அம்மா போனாள். அண்ணன் காலை ஷிப்டில் இருந்தான். அவன் வருவதற்குள் உறவுக்காரர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள்: அவனுக்கு என்ன தெரியும், அம்மா தூங்குகிறாள் என்று சொல்லி உள்ளே உட்கார வைத்துவிடு, சித்தப்பா மகன் கொள்ளி வைக்கட்டும். நான் ஓய்ந்துபோயிருந்தேன். அவன் யூனிபார்மோடு வாசலில் நுழைந்ததும், அவர்கள் சொன்னபடியே, "அம்மா தூங்குதுண்ணா" என்றேன்.

அவன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். "தூங்கல ஜெயா. அம்மா செத்துப்போச்சு. இனிமே எழுந்துக்காது" என்றான். பிறகு எழுந்து நின்று, சித்தப்பாவைப் பார்த்து, "நான்தான் புள்ள. நான்தான் கொள்ளி வெக்கணும்" என்றான். சித்தப்பா தன் மகனைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்.

மொட்டையடித்து, ஈர வேட்டியோடு, கொள்ளிச்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் பாடைக்கு முன்னால் நடந்தான். பெரிய சாலையைக் கடக்கும்போது இருபுறமும் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டன. பெண்கள் அதற்குமேல் போகக்கூடாது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அம்மா கேட்டதுபோல அவனை அந்தக் குழந்தைப் புத்தியிலேயே விட்டிருந்தால் அவன் இன்றைக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருப்பான், அம்மா எப்போது எழுந்திருப்பாள் என்று நாளைக்கும் நாளை மறுநாளும் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பான். அம்மாவை இப்படி வழியனுப்ப அவளுக்கு ஒரு மகன் இருந்திருக்கமாட்டான். படுக்கையிலிருந்து அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அங்கே, அந்தச் சாலையோரத்தில்தான் கிடைத்தது. ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.